பாயின் கப்பல்

1974, ஆடி வெள்ளி, இரவு

திருக்கழுக்குன்றம் இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க, முதலாளி பாயின் அமெரிக்க டாக்ஸியை வழக்கம்போல எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டினேன். எஞ்சின் ஓடாததால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மாட்டு வண்டியில் மோதாமல் தப்பியது பெரிசு.

மாமல்லபுரம் ஓட்டலில் ஒரு வெள்ளைக்காரரின் குட்டி ஜப்பான் கார் நின்றது. "நீ இறக்கத்துல ஆஃப் பண்ணுவியா அண்ணாத்த?" என்று அதன் டிரைவரைக் கேட்டேன். "இன்னாத்துக்கு? இது பெட்ரோல மோந்து பாத்தாலே ஓடும்" என்று சிரித்தார்.

செங்கல்பட்டு திரும்பியதும் பாயிடம் அந்தக் காரைப் பற்றிச் சொன்னேன்.

"தீப்பெட்டிடா அது. என் கப்பல் மாதிரி வருமா?"

"பெட்ரோல் விக்கிற வெலைல கப்பல்ல எவன் பாய் ஏறுவான்?"

முறைத்தார்.

காலையில் பாயிடம் இந்தக் கப்பலை விற்றுவிட்டுச் சின்ன வண்டி வாங்கச் சொல்வேன். மறுத்தால் சாவியை அவரிடமே கொடுத்துவிடுவேன். படிப்பையே விட்டவன், இந்த வேலையை விடமாட்டேனா?