இரண்டு இடத்தில் விழுந்த கோடு

மாரமங்கலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

கவிதா எழுதுவது. அத்தைக்கு மூட்டுவலி தேவலை. மழைதான் விட்டபாடில்லை. போனில் உங்கள் தம்பி சக்திவேல் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால் நீங்கள் இருக்கும் போர்வெல் லாரிக்கே வேலைக்கு வரும் தங்கராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

மிளகுக்கொடி கருகியது கருகியதுதான். கீழ்க்காட்டில் பாதிக்கு மேல் இலை இல்லை. குடித்துவிட்டு, அழுகல் மருந்துக்கு மயில்துத்தத்தோடு சுண்ணாம்பைக் குறைத்துக் கலக்கி அடித்திருப்பான் என்று நீங்கள் போனில் கத்தியதை, சக்திவேல் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "நா அளந்துதானுங்க அண்ணி போட்டேன், நொம்ப வருசமா போடற அளவுதானுங்க" என்றதோடு சரி. அன்றிலிருந்து படுக்கை கொட்டகையில்தான்.

நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். மிச்சமிருந்த சுண்ணாம்பைப் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், நிறம் மாறும்வரை அமிலம் விட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் தப்பு அவன் அளவில்தான் என்று நினைத்தேன். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வளைகோடு வரைந்து பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்பவளே நான்தானே. மறுநாள் பி.எச். மீட்டர் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு வரைந்தேன்.

நல்ல சுண்ணாம்பென்றால் கோடு ஒரே இடத்தில் செங்குத்தாக விழும். அதுதான் சமான புள்ளி. இது இரண்டு இடத்தில் விழுந்தது. முதல் சரிவு சீக்கிரமே வந்துவிட்டது. உயிருள்ள சுண்ணாம்பு அவ்வளவுதான். இரண்டாவது சரிவுவரை இருந்ததெல்லாம் காற்றுப் பட்டுச் செத்தது. அதுவும் அமிலத்தைத் தின்னும், ஆனால் துத்தத்தைச் சரியாக முறிக்காது. முறியாத துத்தம்தான் கொடியைக் கருக்கியிருக்கிறது. நிறம் மாறியது அந்த இரண்டாவது சரிவில். நான் ஏமாந்ததும் அங்கேதான்.

அந்தச் சுண்ணாம்புச் சாக்கு, சித்திரையில் லீவுக்கு வந்தபோது நீங்கள் வாங்கிப் பிரித்தது. வாய் கட்டாமலே கிடந்தது. சக்திவேலின் அளவில் தப்பில்லை. இதற்குமேல் நான் எழுதவில்லை.

புதன்கிழமை அவன் கூர்க்கில் ஏதோ எஸ்டேட்டுக்குக் கிளம்புகிறான். "போனா திரும்ப மாட்டேனுங்க" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறான். அத்தை அவனுக்கும் சேர்த்தே உலை வைக்கிறார்கள். தட்டு அப்படியே திரும்பி வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

கோடு வரைந்த தாளை அவனிடமும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத அண்ணன் சொல்லட்டுங்க அண்ணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்தத் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். புரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் நம்பர் மாறவில்லை. செவ்வாய்க்குள் கூப்பிடுங்கள்.

சேர்வராயன் சாமி உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உங்கள்,
கவிதா