முன்படி இருந்த சுவர்

அண்ணே,

இன்றைக்கு என் தையல் கடைக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவரைச் சுரண்டினார்கள். பழைய பூச்சு உதிர்ந்ததும் கீழிருந்து மேலாகச் சாய்வாக ஒரு தடம் தெரிந்தது. தேக்குப் படிகள் செருகியிருந்த இடம். எண்ணாதே என்று மனசு சொல்லியும் எண்ணினேன். இருபத்திரண்டு.

இந்த வீட்டை உங்களைப் போல் ரசித்தவர் கிடையாது. வெள்ளைக்காரத் துரை ஒருவன் இந்த ரங்கூனில் தன் குடும்பத்துக்கென்று கட்டியது, நம் காலத்தில் அறைக்கொரு குடித்தனம். ஆளுயர ஜன்னல், கூரையோரம் சுதையில் பூக்கொடி, வளைந்து இறங்கும் படிக்கட்டு. மேல்மாடியில் தனியாளாக இருந்த நீங்கள் ஞாயிறுதோறும் அதன் கைப்பிடிக்கு எண்ணெய் தேய்ப்பீர்கள். உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அப்போதுதான் சொன்னீர்கள். முனிசிபாலிட்டித் தோட்டியான உங்கள் அப்பா கொல்லைப்புறத்து இரும்புச் சுழல்படியில் மலவாளியோடு ஏறி இறங்கிய வீடாம் இது. முன்படியில் அவர் கால் பட்டதே இல்லையாம். ரங்கூனில் எல்லோரும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏற, நீங்கள் மட்டும் ஏன் செருப்போடு ஏறினீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கீழ்த்தளம் முழுக்கக் கடையாக்கப் போவதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். படி இடத்தை அடைக்கிறது, கீழே இருப்பவர்கள் சம்மதித்தால் எடுத்துவிடலாம், அதில் பாதி இடம் எனக்கு என்றார். கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் உங்கள் நினைவே வரவில்லை என்று பிறகு ஊரெல்லாம் சொன்னேன். பொய் அண்ணே. வந்தது. வந்த பிறகும் போட்டேன்.

நீங்கள் சத்தம்கூடப் போடவில்லை.

"அப்ப எனக்கு எந்தப் படிம்மா?"

"பின்னால ஒண்ணு இருக்குல்ல அண்ணே."

என் நாக்கு அழுகியிருக்கலாம்.

படியைப் பிரிக்கும் முன்னால் ஏறிப் போனவர் அப்புறம் இறங்கவேயில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை விடுவீர்கள். காய்க்காரி போட்டதையும் பக்கத்து ஃபோன் கடைக்காரர் போட்டதையும் இழுத்துக்கொண்டீர்கள். நான் வைத்த குழம்பு மட்டும் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. எனக்கும் ஆத்திரம்தான். இவர் ரோஷத்துக்காக நான் பிழைக்காமல் கிடக்கணுமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். சில நாள் இப்போதும் திட்டுகிறேன். இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று.

பிறகு ஒரு காலை கூடை இறங்கவில்லை.

பாடை அந்தச் சுழல்படியில் திரும்பவில்லை. உங்களைப் போர்வையில் கட்டி, நின்றவாக்கில், ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். இரும்பில் இடிக்காமல் கீழே நின்று உங்கள் காலைப் பிடித்துக்கொண்டவள் நான்தான். உங்கள் அப்பா அதில் தன் காலால் இறங்கினார். உங்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை. அந்தக் கால்களின் கனம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

துணி தைக்க வருகிறவர்கள் கடை இப்போது நல்ல விசாலம் என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அளவெடுக்கிறேன்.