வங்கி பிழைத்த பிறகு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நிதி அமைச்சகத்தில் உனக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை என்று தெரியும். டிவியில் அமைச்சருக்குப் பின்னால் ஃபைலோடு நின்றாய். இளைத்துவிட்டாய், வேளாவேளைக்குச் சாப்பிடு. சின்னவள் "மாமா, மாமா" என்று குதித்தாள். உன் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் நீங்கள் இருவரும் எப்படி மல்லுக்கட்டுவீர்கள்! தட்டில் போட்டது ஆறி அவலாகப் போகும். "சந்தையில தோத்தவன் கடையை மூடட்டும், அரசாங்கம் எதுக்கு முட்டுக் கொடுக்கணும்?" என்பார் அவர். "பேங்க் விழுந்தா உங்க பட்டறையும் சேர்ந்து விழும் அத்தான்" என்பாய் நீ. ஒருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

மூழ்க இருந்த எங்கள் வங்கிக்கு அரசாங்கம் பணம் கொடுத்த அன்று நீதான் போன் செய்தாய். "உங்க பேங்க் பிழைச்சுக்கிச்சு அத்தான், இனிமே பயப்படாம ஆர்டர் எடுங்க" என்றாய். அரசாங்கம் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீ சொன்னதால் நம்பினார். தள்ளிப்போட்டு வந்த பம்பு ஆர்டரை எடுத்து, இரும்பையும் வாங்கி இறக்கினார். வேலை பாதியில் இருக்கும்போது வங்கி ஓவர்டிராஃப்ட் கடனை நிறுத்திவிட்டது. "மேலிடத்து உத்தரவு, சின்னப் பட்டறைக்கெல்லாம் இப்ப கொடுக்கிறதில்ல" என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். ஊர்ப் பணத்தை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு எங்கள் கழுத்தைப் பிடிக்கிறார்களே, இது எந்த நியாயம்? எனக்குப் பொருளாதாரம் தெரியாது. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

கடனை அடைக்க லேத்துகளை விற்றாயிற்று. ஆட்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பியபோது ஃபிட்டர் அழுதார், இவர் அழவில்லை. தினமும் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, காலிப் பட்டறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தச்சரைக் கூப்பிட்டுப் பட்டறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்துவிட்டது என்று பொய் சொன்னேன். இரும்பிலேயே உழன்ற மனிதர், புதுத் தாழ்ப்பாள் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நல்லதுக்குத்தான் சொன்னான். தெரிஞ்சா தாங்கமாட்டான்" என்றார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பணம் அனுப்பாதே, தொடமாட்டார். நீ வா. "நான் சொன்னது தப்பு அத்தான்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். உன்னைத் திட்டட்டும், கையைக்கூட ஓங்கட்டும், வாங்கிக்கொள். லீவு கிடைக்காது என்று மட்டும் பதில் எழுதாதே.

நீ நன்றாக இரு, தம்பி. அவர் இருந்தால் போதும் எனக்கு.

உன் அக்கா