இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஓர் அணு

2006 பிப்ரவரி 20, அப்பாசியா, குவைத்

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஓர் அணு. அது ஒளியை விடும். கண்ணாடி திருப்பி அனுப்பும். அணு வாங்கிக்கொள்ளும், மறுபடி விடும். இதற்கான சமன்பாடுகளைச் சாப்பாட்டு மேசையில் எழுதுவது என் உத்தியோகம். சம்பளம் கிடையாது. மனைவி சுபிஷா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளுடைய விசாவில் இருக்கிறேன்.

பக்கத்து அறை ஆல்டோ, ஏசி மெக்கானிக். "மக்கா, அதுங்க குடுக்கும், வாங்கும். நடுவுல ஒனக்கு என்னலே சோலி?" என்றான். ஆய்வுக் குழுக்கள் இவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை.

பிப்ரவரி 27

கட்டுரையை அனுப்பியிருந்த இதழிலிருந்து மதிப்பீடு வந்தது. "கண்ணாடிகள் துளியும் கசியாது என்று கட்டுரையாளர் நம்புகிறார். அப்படி ஒரு கண்ணாடி எங்கும் இல்லை." கசிவைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

மார்ச் 10, வெள்ளி

இந்த நாட்டில் கர்த்தருடைய நாள் வெள்ளிக்கிழமை. ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்தார்கள். "சகோதரி சுபிஷாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்ததற்காக." சபையோடு சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். சொன்ன பிறகுதான் பெயர் உறைத்தது.

பஸ்ஸில் கேட்டேன்.

"ரெண்டு தடவ சொன்னேன்லா. 'ம்'னீங்க."

"எப்போ?"

"நீங்க எழுதிட்டு இருக்கும்போ. வேற எப்போ சொல்ல?"

மார்ச் 11

நாம் எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான் போறேன். உங்கள கூப்பிடல. கணக்க எங்க இருந்தும் போடலாம்லா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கழுவி வைத்த தட்டுகளை நான் துடைத்து அடுக்கினேன்.

மார்ச் 14

'ம்' என்றேனா? என்றிருப்பேன்.

ஏப்ரல் 4

அவள் விசா ரத்தானால் என்னுடையதும் ரத்து. விசா அலுவலகத்தில் எழுத்தர் மஹ்மூது என்னைப் பார்த்து, "பாய், நீங்களும் அயர்லாந்தா?" என்றார். "இல்ல, அவங்க ஊருக்குப் போறாங்க" என்று அவளே சொன்னாள். நான் நன்றி சொன்னேன். எதற்கு?

ஏப்ரல் 19

கசிவைச் சேர்த்தாயிற்று. அணுவும் ஒளியும் பரிமாறிக்கொள்ளும் வேகத்தைவிடக் கசிவு வேகமானால், போன ஒளி திரும்புவதில்லை. எங்காவது தப்பு இருக்கும் என்று மறுபடி மறுபடி பார்த்தேன். இல்லை.

ஜூலை 3, தக்கலை

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஆல்டோ குவைத்திலிருந்து போனில் சந்தோஷப்பட்டான். "அவகிட்ட சொன்னியாலே?"

சொல்கிறேன் என்றேன். அவளுடைய டப்ளின் எண் அவனிடம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.