வெற்றுக் கோது

மல்வேர்ன்,
2024 மே 11

அன்பு நண்பர் அமிர்தநாதருக்கு,

இதைப் பிரித்ததும் சீமோனுக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று தேட வேண்டாம். நானேதான் எழுதுகிறேன். மாசி மாதம் தொடக்கம் கோயில் மண்டபத்தில் கிறிஸ்ரினா ரீச்சர் எங்கள் வயதுக்காரருக்கு எழுத்துப் படிப்பிக்கிறா. வகுப்பில் நான்தான் மூத்தவன். முதலில் பெயர் எழுதியவனும் நான்தான். காலையில் தொடங்கிய கடிதம் இது. மனிசி றெபேக்கா இரண்டாவது தேத்தண்ணியும் வைத்துவிட்டாள். இத்தனை வருசமும் என் வீட்டுக்கு வந்த கடிதங்களை நீர்தான் வாசித்துச் சொன்னீர். இனி உம்முடைய பெட்டிக்கும் என் கையெழுத்தில் ஒன்று வரட்டும்.

நாங்கள் சுகம். உம்முடைய சுகத்தையும் மாதா பார்த்துக்கொள்வா.

இப்போது ஒரு மனவருத்தம். நேற்று மீன்கடையில், ரூஜ் பகுதியில் இருக்கும் தியாகலிங்கத்தைக் கண்டேன். அத்தனை சனத்துக்கு முன்னால் சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினார். நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தது. “அமிர்தண்ணையின்ர துவக்கு உதைச்சது,” என்றார், மெடல் வாங்கினவர் மாதிரி. உம்முடைய துப்பாக்கி சுடும் கிளப்பில் ஓர் அங்கத்தவர் ஒரு விருந்தாளியைத்தான் கூட்டிப்போகலாம் என்று நீர்தான் எனக்குச் சொன்னீர். மூன்று கோடையாக அந்த விருந்தாளி நான். பனி கரைந்த நாள் முதல் உம்முடைய அழைப்புக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அமிர்தம், அந்தக் கண்டல் என் தோளில் இருக்க வேண்டியது.

அன்புடன்,
சீமோன்
(கையெழுத்தும் நானே)


பிக்கரிங்,
2024 மே 20

அன்பின் சீமோனுக்கு,

உம்முடைய கடிதத்தை மகள் ஜூலிக்கும் மருமகனுக்கும் காட்டினேன். நம்ப மறுத்தார்கள். வரிகள் கொஞ்சம் கீழ்நோக்கி இறங்குகின்றன, உம்முடைய சூடு மாதிரியே. ஆனால் எழுத்துக்கள் நல்ல உருண்டை. எனக்குப் பெரிய சந்தோசம்.

தியாகலிங்கம் விசயத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். அவரிடம் கார் இருக்கிறது, வழியில் என்னை ஏற்றிக்கொண்டு போகிறார். பொழுதுபோக்குத்தானே. அவருக்கு இன்னும் துவக்குப் பிடிக்கத் தெரியாது. நம்முடைய துவக்கில் தோளோடு அணைக்கும் பிடங்கில் பிறைபோல வளைந்த இரும்புத் தகடு இருக்கிறதல்லவா, அதைப் புயத்தில் வை என்றால் தோள்பொருத்தில் வைத்தார். கன்றாமல் என்ன செய்யும்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை அவருடைய சூடுகள் எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய துவக்கைப் பார்த்துப் புதிதாகச் செய்தது என்று நாம் பகிடி பண்ணுவோமே, அது அப்படிப் போட்டது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு நான் சின்ன ஊதுகுழாயை வைத்துத் துவக்கின் குழலுக்குள் மூச்சு ஊதினேன். கறுப்பு வெடிமருந்தின் கரி இளகினால்தான் அடுத்த குண்டு நேராகப் போகும் என்பது உமக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். தங்கச்சி றெபேக்காவைக் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
அமிர்தநாதர்


மல்வேர்ன்,
2024 யூன் 2

அன்பு அமிர்தத்துக்கு,

உம்முடைய கடிதத்தை நானே வாசித்தேன். அதனால் கோபமும் முழுக்க எனக்கே வந்தது. முந்தி நீர் வாசித்துக் காட்டிய காலத்தில் கோபம் பாதியாகத்தான் வரும், மற்றப் பாதியை உம்முடைய குரல் எடுத்துவிடும்.

அந்தக் குழாய்க்குள் எனக்காக ஊதிய மூச்சை இப்போது தியாகலிங்கத்துக்கு ஊதுகிறீர். உள்ளங்கைக்குள் விழுந்ததாம். ஊதியவருடைய திறமை அது, சுட்டவருடையது இல்லை என்று அவரிடம் சொல்லும்.

கார் காரணம் இல்லை. என் மகன் யூட்சன் எத்தனை தரம் உம்மை வாசலில் வந்து ஏற்றியிருக்கிறான். காரணம் எனக்குத் தெரியும். போன புரட்டாதியில் நீர் எனக்குச் செய்த வேலை. வழமைபோல எனக்குத் தோட்டா போட்டுத் தருவது மாதிரிப் போட்டு, மருந்தும் ஈயமும் இல்லாத வெற்றுக் கோதை வைத்துவிட்டீர். நான் விசையை இழுத்தேன். “டிக்” என்றது, அவ்வளவுதான். வராத உதைக்குப் பயந்து நான் கண்ணை மூடியதையும், குழல் நிலத்தைப் பார்த்துக் குனிந்ததையும் மேசையில் இருந்த எல்லாரும் கண்டார்கள். “சீமோன், நீர் இலக்கைச் சுடேல்லை, உம்மட பயத்தைத்தான் சுடுறீர்,” என்றீர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிக்கவில்லை.

மன்னாரில், மருந்தை இடித்து அடைக்கும் இடியன் துவக்கோடு காட்டுக்குப் போனவன் நான். இடியன் அடிக்கும். உம்முடைய துவக்கு அடிக்காது, பாரமாகத் தள்ளும். எனக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் இந்தப் பனிக்காலம் முழுக்க வீடு கூட்டும் தும்புத்தடியைத் தோளில் வைத்துப் பழகினேன். “தும்புத்தடிக்கும் கண்ணை மூடுறியளே,” என்றாள் றெபேக்கா. இப்போது மூடுவதில்லை. கேட்டுப் பாரும்.

என் பிழைக்காகத்தான் விட்டீர் என்றால் நேராக எழுதும். இன்னொன்று. உம்முடைய கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தியாகலிங்கம் போட்டது இருக்கிறது. நீர் ஊதியது இருக்கிறது. நீர் எங்கே போட்டீர் என்று ஒரு வரியும் இல்லை. எப்போதும் உம்முடைய சூட்டைப் பற்றித்தானே முதலில் பீற்றுவீர்?

மறுமொழி போடவும்.

சீமோன்


பிக்கரிங்,
2024 யூன் 14

அன்பின் சீமோனுக்கு,

உமக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இதை எழுதத் தேவை வந்திராது.

நான் சுடவில்லை. இந்த வருசம் ஒரு சூடும் சுடவில்லை. மாசியில் மொன்றியலில் மற்ற மகள் வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று ஜூலி உமக்குச் சொன்னது பொய். ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இருதயம் மறந்தால் அது ஞாபகப்படுத்தும். நான் இடக்கையன். பிடங்கு வந்து உதைக்கும் பக்கமும் அதுதான். டொக்டரிடம் துவக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் ஒருபோதும் கூடாதாம்.

உம்முடைய பிழைக்காக விடவில்லை. அதற்காக விட்டிருந்தால் முதல் கோடையிலேயே விட்டிருப்பேன்.

தியாகலிங்கம் சுடும்போது எனக்கு ஒன்றும் செய்வதில்லை. அவர் யாரோ. நீர் பக்கத்தில் இருந்து சுட, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஊதிக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. பொறாமை, சீமோன். வேறு பெயர் இல்லை. நீர் கண்ணை மூடிக்கொண்டு மண்மேட்டைச் சுட்டாலும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

வலது பக்கத்தால் சுடலாம் என்று டொக்டர் சொன்னார்தான். இந்த வயதில் வலது கண்ணால் குறிபார்த்து, வலது விரலால் விசை இழுத்து யார் பழகுவது? துவக்கை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். தியாகலிங்கம் கேட்கிறார்.

அமிர்தநாதர்


மல்வேர்ன்,
2024 யூன் 17

அமிர்தம்,

உம்முடைய கடிதம் இன்றுதான் வந்தது. இன்றே எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் அவசரம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் கிடந்ததை என்னிடம் மறைத்ததற்குச் சண்டை தனியாக இருக்கிறது. அதை நேரில் பிடிக்கிறேன். றெபேக்கா அழுதாள். பிறகு உமக்கு மீன் தீயல் வைக்க வேண்டும் என்று எழும்பினாள்.

நீர் என்மேல் பொறாமைப்பட்ட இடத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்மேல் இதுவரை ஒருவரும் பொறாமைப்பட்டதில்லை. அதுவும் நீர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

துவக்கைத் தியாகலிங்கத்துக்கு விற்கக் கூடாது. வேறு யாருக்கும் விற்கக் கூடாது, அவருக்கு முக்கியமாகக் கூடாது. வலது பக்கம் யார் பழகுவது என்று கேட்டீர். நான் பேனாவைப் பிடித்தது இந்த மாசியில். நீர் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே மாசி. முதல் கிழமை என் விரல் எல்லாம் வலித்தது, எழுதியது எல்லாம் கோழி கிளறின மாதிரி. கிறிஸ்ரினா ரீச்சர் சிரிக்கவில்லை. நீர் பழகும்போது நான் சிரிப்பேன், முதலே சொல்லிவிட்டேன்.

டொக்டரிடம் இன்னொரு தரம் கேளும், வலது பக்கம் உண்மையாகவே பயமில்லையா என்று. தோட்டாவுக்கு மருந்தைக் குறைத்துப் போட்டால் உதையும் குறையும், குறைந்த மருந்தோடு அது இன்னும் நேராகப் போடும் என்று நீர்தான் சொன்னீர். பிறைத்தகட்டை வலது புயத்தில் நான் பிடித்து வைத்துத் தருகிறேன். நீர் எனக்குச் செய்த மாதிரி.

டொக்டர் ஓம் என்றால் வாற சனிக்கிழமை யூட்சன் என்னைக் கொண்டுவந்து உம்முடைய வாசலில் இறக்குவான். விருந்தாளி நான்தான். தியாகலிங்கத்தைப் பிறகொரு கிழமை கூட்டிப்போம். இல்லை, கூட்டிப்போக வேண்டாம். மேலே எழுதியதை வெட்டாமல் விடுகிறேன், நல்லவன் மாதிரி இருக்கட்டும்.

இந்த முறை குழாயில் நான் ஊதுகிறேன். தோட்டாவும் நான்தான் போடுவேன். அதில் ஒன்று வெற்றுக் கோதாக இருக்கும். எது என்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்று உம்மை உதைக்காது. ஆனால் நீர் கண்ணை மூடுகிறீரா என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உம்முடைய,
சீமோன்