மணல் குடித்த தண்ணீர்

ஐப்பசி, வியாழன் இரவு.

காலையில் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கழிவுநீர்த் தொட்டி விளிம்புவரை ஏறியது. எப்போதும் செய்வதுபோல ஆற்றுப் பக்க வால்வைத் திறந்துவிட்டேன். வைகை காய்ந்துதானே கிடக்கிறது, எதை விட்டாலும் அடுத்த பாலத்துக்குள் மணல் குடித்துவிடும். இத்தனை வருடமும் அந்த நினைப்பில்தான் ஓட்டினேன்.

மதியம் காவலாளி ஓடி வந்தார். "அண்ணே, அணையத் தொறந்துட்டாங்க! ஆத்துல தண்ணி கரை தட்டி வருது!"

வால்வுச் சக்கரம் துருவேறி அசையவில்லை. நாலு பேர் தொங்கி மூடுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். வைகை கடலில் சேரும் ஊரில் இறால் வியாபாரம் செய்கிறார். "இம்புட்டுத் தண்ணி வந்து எம்புட்டு வருசமாச்சு மாப்ள! எங்க ஊருக்கு எப்ப வரும்? குளிக்கணும்னு பிள்ளைக இப்பவே குதிக்குதுக."

"நாலஞ்சு நாளாகும் மச்சான்" என்றேன். பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். சொல்லவில்லை.

விடிந்ததும் மச்சானிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் எதையென்று சொல்வது? இன்று விட்டது மட்டுமா போகிறது? இத்தனை வருடம் மணல் குடித்த கழிவும் சேர்ந்துதானே கிளம்பியிருக்கும்.