கரையில் நின்றவன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், உன் அண்ணி, அப்பா மூவரும் இருக்கிறோம். நீங்கள் நலமாக இருப்பது நீ அனுப்பும் புகைப்படங்களிலேயே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை. தொலைபேசியில் நான் விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு வேறோர் அழைப்பு வந்துவிடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் உன் பிறந்தநாள் பரிசைப் பற்றி. அப்பாவை ஒரு மாதமாவது வந்து பார்த்துக்கொள் என்று கேட்டேன். எனக்கு ஓய்வு தேவை என்று நீயே முடிவு செய்து, அங்கிருந்தபடியே இந்த ஊரில் ஓய்வுக்கென்று வைத்திருக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் நான் மிதப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பதிவு செய்தாய். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். "போயிட்டு வாங்க, ஒரு மணி நேரம் உங்க மூஞ்சியப் பாக்காம இருந்தா எனக்கும் ஓய்வுதான்" என்றாள் உன் அண்ணி. போனேன்.

பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த இடம். கீழே துளையிடும் சத்தம், மேலே பேரமைதி. வரவேற்பில் இருந்த பெண் துக்க வீட்டில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசினாள். உள்ளே வெளிச்சம் இருக்காது, சத்தம் இருக்காது, உடம்பின் பாரம்கூடத் தெரியாது என்றாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். "வீட்ல பூனை வளர்க்கிறீங்களா சார்?" என்று கேட்டாள். ஆமாம், வயதான பூனை என்றேன். காயத்தில் உப்பு பட்டால் எரியும் என்று களிம்பு கொடுத்தாள்.

நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். என் கையில் இருப்பவை அப்பாவின் நகக் கீறல்கள். இப்போது அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிப்பாட்ட ஒரு குவளை ஊற்றினால் போதும், மூழ்கப்போகிறவர் மாதிரி என்னைப் பிறாண்டுவார். உன்னைக் கடலில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கிய அதே மனுஷன்.

தொட்டியில் படுத்தேன். மூடி இறங்கியதும் இருட்டு. களிம்பு படாத கீறல்களையெல்லாம் உப்பு ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தது. அது அடங்கியபின் உடம்பு தானாக மேலே வந்தது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் படத்தைக் கல்லூரிக் கரும்பலகையில் வருஷா வருஷம் வரைந்தவன் நான். அன்று நானே முட்டை. ஆனால் கழுத்து மட்டும் தண்ணீரை நம்பவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது.

அப்போது அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. "தலையை விடுடா, நான் பிடிச்சிருக்கேன்." உனக்குச் சொன்னது. உன் சட்டை, அப்பாவின் கடிகாரம், மூன்று பேர் செருப்பு எல்லாவற்றையும் காவல் காத்துக்கொண்டு கரையில் நின்றவன் காதிலும் விழுந்தது. பெரியவனே, நீ துணியைப் பார்த்துக்கொள், நாளைக்கு உனக்குச் சொல்லித் தருகிறேன் என்பார். எத்தனையோ லீவு நாட்கள் போயின. அந்த ‘நாளைக்கு’ மட்டும் வரவே இல்லை. உனக்குச் சொன்ன வார்த்தையைக் கடன் வாங்கித்தான், இந்த வயதில், ஒரு பெட்டிக்குள் தலையை விட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் ஈரத்துணி மாற்ற வேண்டியிருக்கவில்லை. நேரம் முடிந்து மெல்லிய இசை கேட்கும்வரை, அப்பா என்று ஒருவர் இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. உன் தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீடு திரும்பியபோது தலையிலும் காதோரத்திலும் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். அப்பா என் முடிக்குள் கையை விட்டு அளைந்தார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். "பெரியவனே, கடலுக்கா போயிட்டு வரே?" என்றார். என்னை யாரென்று தெரிந்து அவர் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் சந்தோஷத்தில் ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். "சின்னவன் எங்கடா?"

நான் அவர் காலில் செருப்பை மாட்டினேன்.

"தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டியா? நீ கரையிலதானே நின்னே?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தோளில் துண்டோடு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீ வெளிநாட்டில் வேலையில் இருக்கிறாய் என்று சொல்லிப் பார்த்தேன். புகைப்படத்தைக் காட்டினேன். இது யாரோ பெரிய மனுஷர் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசும்போது "கையைக் குடு, கையைக் குடு" என்று கத்தினாரே, அப்பா தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்தாய். தமாஷ் இல்லை. உன் குரல் அவருக்குத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதாகக் கேட்டது.

சின்னவன் வந்ததும் சாப்பிடுகிறேன் என்று தட்டை நகர்த்திவிடுகிறார். சட்டை தோளில் நிற்பதில்லை. இப்படியே போனால் அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லப் பயந்தாராம்.

உன்மேல் எனக்குள்ள கோபங்களை எழுதினால் இந்த உறை தாங்காது. அவை இங்கேயே இருக்கட்டும். காவல் காப்பது எனக்குப் பழக்கம்தான். நீ அவரைக் குளிப்பாட்ட வேண்டாம், இரவு விழிக்க வேண்டாம், தங்கக்கூட வேண்டாம். ஒரு சாயங்காலம் வந்து அந்த வாசலில் நில். முகத்தைப் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் தலையைத் தொட்டால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும், என் தலையே தெரிந்ததே. தெருமுனைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வா. துண்டு அவரிடம் இருக்கிறது.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பத்திரமாகக் கரைக்கு வந்து சேர்.

உன் துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன்